மூளைக்குத் தேவைப்படும் நாட்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றியும் ஞாபகசக்தியைப் பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். அதற்குள் போதைவஸ்தும் வரும் என்று நான் சொன்னபோது விழாக் குழுவில் ஒரு அக்கா, "நல்ல நாள் பெருநாளில அந்தக் கதை வேணுமோ பிள்ளை?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. ஆனால் என்னுடைய கிளினிக்கில் சில தாய்மார் நம்பர் வந்தும் உள்ளே வரமாட்டார்கள். எல்லோரும் போய் முடியும்வரை வாங்கில் இருந்துவிட்டுக் கடைசியாக வருவார்கள். வந்து, கதவைச் சாத்திவிட்டு, முதல் சொல்வது மகனின் பெயரை அல்ல. "நானும் உங்கட ஸ்கூல்தான் டொக்டர், உங்களுக்கு ரெண்டு பச் முந்தி" என்பதுதான். ஆகவே இந்தக் கதை இந்த மண்டபத்துக்கு வெளியே நடக்கிற கதை அல்ல.

நான் ஒரு பொது வைத்தியர். மூளை விஞ்ஞானியும் அல்ல, மனநல நிபுணரும் அல்ல. வார்டில் கண்டதையும், கண்டதை விளங்கிக்கொள்ள வாசித்ததையும் சொல்கிறேன்.

அப்படி வந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டு, ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியே சொல்கிறேன். மகனுக்கு 22 வயது. ஒன்றரை வருடமாக ஐஸ். கெட்டிக்காரப் பெடியன், கணக்கில் நல்ல பெறுபேறு. இப்போது கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறான். தாயின் கையில் ஒரு பெரிய உறை, அதற்குள் கொழும்பில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கான். அறிக்கையில் 'நோமல்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைக் காட்டி அவர் அழுதார். "மூளையில ஒண்டும் இல்லையாம். அப்ப இவன் வேணுமெண்டுதானே செய்யிறான்?"

இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எங்களுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிற சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்கள் மூளையின் உருவத்தைக் காட்டுகின்றன. கட்டி, இரத்தக் கசிவு, பெரிய சுருக்கம் இருந்தால் தெரியும். வீட்டின் சுவரும் கூரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மாதிரி. உள்ளே கரண்ட் ஓடுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அந்தப் படம் சொல்லாது. அதைக் காட்டுகிற படம் வேறு. பெற் ஸ்கான் என்பார்கள். மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை இரத்தத்தில் ஏற்றி, அது மூளையின் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்க்கும் முறை. போதைப் பாவனையாளரின் மூளையை இந்த முறையில் முதன்முதல் ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நோரா வோல்கோவ் என்ற பெண்.

அவர் மெக்சிக்கோ நகரில் 1956 இல் பிறந்தவர். ரஷ்யப் புரட்சியாளர் ட்றொட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி. 1940 இல் ட்றொட்ஸ்கி கொல்லப்பட்ட அதே வீட்டில் வளர்ந்தவர். மருத்துவம் படித்து அமெரிக்கா போய், 1980களில் ரெக்சாசில் கொக்கெயின் பாவித்தவர்களின் மூளைக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். கொக்கெயின் ஆபத்தில்லாத உல்லாசப் பொருள் என்று பலர் நினைத்த காலம் அது. பாரிசவாதம் வந்தவரின் மூளையில் காண்பதுபோல ஆங்காங்கே இரத்தம் போகாத இடங்களை அவர் கண்டார். கண்டதை உடனே ஒருவரும் நம்பவில்லை. கட்டுரை 1988 இல்தான் வெளிவந்தது. பிறகு புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் டொபமினை ஆராய்ந்தார். 2003 இலிருந்து இருபது வருடத்துக்கு மேலாக அமெரிக்காவின் தேசிய போதைப் பாவனை ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார்.

டொபமின் என்பதை 'சந்தோஷ இரசாயனம்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது அரைகுறையான பெயர். "இது முக்கியம், இதைக் கவனி, திரும்பவும் செய்" என்று மூளைக்குள் மணி அடிப்பது அதன் வேலை. பசித்தவனுக்குச் சோறு, பிள்ளையின் சிரிப்பு, பரீட்சை மறுமொழி, எல்லாவற்றுக்கும் அந்த மணி அளவாக அடிக்கும். போதைப்பொருள் அதை ஓயாமல் அடிக்கப் பண்ணுகிறது. ஓயாமல் அடித்தால் மூளை காதைப் பொத்திக்கொள்ளும். வோல்கோவின் படங்களில் கண்டது அதுதான். டொபமினைப் பிடிக்கிற ஏற்பிகள் குறைந்திருந்தன. அவை குறைந்தவர்களில், நெற்றிக்குப் பின்னால் இருந்து "வேண்டாம், நில்" என்று சொல்கிற பகுதியின் இயக்கமும் குறைந்திருந்தது. பிறேக் தேய்ந்துபோன வாகனம் என்று அவர் சொல்வதுண்டு. சோறும் சிரிப்பும் பரீட்சையும் அந்த மூளைக்குக் கேட்கவில்லை. "எங்களில அவனுக்குப் பாசமே இல்லை" என்று தாய்மார் சொல்வதை நான் இப்போது வேறு விதமாகக் கேட்கிறேன்.

இனி ஐஸ். மெதம்பெற்றமின் என்பது அதன் இரசாயனப் பெயர். எங்கள் நாட்டில் போதைப்பொருட் சட்டத்தைத் திருத்தி அதற்கும் கடும் தண்டனை கொண்டுவந்தது 2022 இல். வோல்கோவின் குழு அதைப்பற்றி 2001 இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. முதலாவதில் ஐஸ் பாவித்த 15 பேரின் மூளையில், சிந்திய டொபமினைத் திரும்ப உள்ளெடுக்கும் 'கடத்தி'கள் நாலில் ஒரு பங்களவு குறைந்திருந்தன. எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு நடை மெதுவாக இருந்தது, சொற்களை ஞாபகம் வைப்பதும் கஷ்டமாக இருந்தது. கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்த பெடியனை அந்தக் கட்டுரையில் நான் கண்டேன்.

இரண்டாவது ஆய்வுதான் எனக்கு முக்கியமானது. ஆட்கள் ஐந்தே ஐந்து பேர். ஐசை விட்டு ஆறு மாதத்துக்குள் ஒரு படம். தொடர்ந்து விட்டிருந்து, 12 முதல் 17 மாதமானபோது மறுபடி ஒரு படம். குறைந்திருந்த கடத்திகள் ஒரு பகுதியில் 19 சதவீதமும் இன்னொரு பகுதியில் 16 சதவீதமும் கூடியிருந்தன. மூளை தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. ஆனால் நடையும் ஞாபகமும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. படம் முன்னே போக, ஆள் பின்னே வந்துகொண்டிருந்தார்.

ஐந்து பேரை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக்கூடாது, அது தெரியும். ஆனாலும் இந்தக் கணக்கை எங்கள் ஊர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் ஒருவரை மூன்று கிழமை எங்காவது விட்டு எடுக்கிறோம். ஒரு மாதம் நல்லாயிருந்தால் மோட்டார் சைக்கிள் திறப்பைத் திருப்பிக் கொடுக்கிறோம். மூன்றாம் மாதம் சாதகத்தைத் தூக்குகிறோம். "ஒரு கலியாணத்தைக் கட்டி வைச்சால் பொறுப்பு வரும்" என்று சொல்லி, யாரோ வீட்டுப் பிள்ளையை வைத்தியமாகக் கொடுக்கிறோம். அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாலாம் மாதம் அவன் திரும்ப விழுந்தால், வைத்தியமும் சரியில்லை, மருமகளின் பலனும் சரியில்லை. அந்த நேரத்தில் மூளை பாதி வழிகூட வந்திருக்காது.

சரி, வருடக் கணக்காக அவன் எங்கே இருந்து தேறுவது? 2006 இல் வோல்கோவ் இன்னொரு ஆய்வு செய்தார். கொக்கெயினுக்கு அடிமையானவர்களுக்கு, வேறு ஆட்கள் அதைப் பாவிக்கும் வீடியோவைக் காட்டினார். பொருளைத் தொடவே இல்லை, பார்த்தது மட்டும்தான். டொபமின் மணி அடித்தது. எங்களுக்கு வீடியோ தேவையில்லை, ஒழுங்கை மூலை போதும். அந்த மதகு, அந்தச் சிநேகிதனின் ஹோர்ன் சத்தம், சம்பளம் கைக்கு வரும் நேரம். இதற்கு மறுபக்கமும் உண்டு. வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையாகி 1971 இல் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ றொபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். இடமும் கூட்டமும் மாறியது பெரிய காரணம் என்று கருதப்படுகிறது. 'மூளை நோய்' என்ற விளக்கம் மட்டும் போதாது என்பவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதற்காக மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் ஒழுங்கைகள் இருக்கின்றன. லண்டன் அக்காமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் விவேக் பெனகலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007 இல் ஒரு எம்.ஆர்.ஐ. ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் படம் எடுத்தது குடிகாரரை அல்ல. குடிக்கு அடிமையானவர்கள் நிறைந்த குடும்பங்களில் பிறந்து, தாங்கள் இன்னும் குடியைத் தொடாத ஆண் பிள்ளைகளை. மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, பயத்தையும் உணர்ச்சியையும் கையாளுகிற அமிக்டலா, முன்மூளையின் சில பகுதிகள், சிறுமூளை ஆகியவற்றில் சாம்பல் நிறப் பொருள் குறைவாக இருந்தது. துடியாட்டம், அவசரம், சொல்வழி கேளாமை கூடிய பிள்ளைகளில் அந்தக் குறைவும் கூட இருந்தது. பிறகு அதே பெனகலும் பிரித்தானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, இந்தியாவின் பல இடங்களில் 6 முதல் 23 வயது வரையான ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடரும் பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள்.

இதை விளங்காமல் கேட்டால், "தகப்பன் குடிகாரன், மகனும் அப்படித்தான்" என்ற பழைய பேச்சுக்கு விஞ்ஞானம் சாட்சி சொன்ன மாதிரி இருக்கும். அது அப்படி அல்ல. ஆய்வு காட்டியது கூட்டத்தின் சராசரியை. ஒரு தனிப் பிள்ளையின் படத்தைப் பார்த்து அவன் குடிப்பான், குடிக்க மாட்டான் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. "டொக்டர், தம்பிக்கும் ஒருக்கா ஸ்கான் எடுப்பமோ?" என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்கிறேன். வகுப்பில் இருக்க முடியாமல் துடிக்கும் அந்தப் பிள்ளையை அடித்து இருத்தாமல், உதவி தேவைப்பட்டவன் என்று பத்து வயதிலேயே கண்டுகொள்ள அந்த ஆய்வு உதவும். இங்கே ஆசிரியைகள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன். வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தப்படுபவர்களில் சிலர் அவர்கள்தான்.

ஐசைப் பற்றியே பேசினால் ஆண்கள் வரிசையில் இருக்கும் மாமாமார் நிம்மதியாக இருப்பார்கள். என்னுடைய வார்டில் படுக்கைகளை நிரப்புவது ஐஸ் அல்ல, சாராயம்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் குடிக்காமல் இருப்பேன் என்று நேர்ந்துகொள்பவர்கள் உண்டு. நல்ல நேர்த்திதான். ஆனால் நாளாந்தம் அரைப் போத்தல் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் நடுக்கம், வியர்வை, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிதல், ஆள் மாறாட்டம். "முருகன் சோதிக்கிறார்" என்று வீட்டில் வைத்திருந்து கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிர் போகக்கூடிய நிலை. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

இன்னொன்று விற்றமின் பி1, தயமின். எங்கள் ஊர்ப் புழுங்கலரிசியில் அது நன்றாக இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் குடிப்பவர் சோறு சாப்பிடுவதில்லை. சாப்பிட்ட கொஞ்சத்தையும் குடி குடலில் சேரவிடாது. தயமின் இல்லாமல் மூளை வெல்லத்தை எரிக்க முடியாது. கண் அசைவு பிழைக்கும், நடை தள்ளாடும், ஆள் தடுமாறும். 1881 இல் வேர்னிக்கே விவரித்த நோய் அது. சனம் அதை 'வெறி' என்று நினைத்துவிடும். அந்த நேரத்தில் "சோந்து போனார், ஒரு சேலைன் ஏத்துங்கோ" என்று குளுக்கோசை மட்டும் ஏற்றினால், இருக்கிற கடைசித் தயமினும் முடிந்து நிலைமை மோசமாகலாம். தயமின் ஊசியும் போட வேண்டும். விலை குறைந்த ஊசி அது. அதைத் தவறவிட்டால் வருவது கோர்சகோவ் 1887 இல் எழுதிய மறதி. அப்படி ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். காலையில் சொன்னது மதியம் நினைவில்லை. "ஐயா, நேற்று எங்கே போனீர்கள்?" என்றால், சுன்னாகம் சந்தைக்குப் போய் வாழைக்குலை விற்ற கதையை விலையோடு சொல்வார். ஆறு கிழமையாக அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பொய் சொல்லவில்லை, இல்லாத ஞாபகத்தின் இடத்தை மூளை கதையால் நிரப்பியது.

அந்த மறதி பெரும்பாலும் திரும்பாது. ஆனால் குடியால் வரும் மூளைச் சுருக்கம் எல்லாமே அப்படி அல்ல. 1978 இல் ரொறொன்ரோவில் பீற்றர் கார்லன் என்பவரும் கூட்டாளிகளும், நீண்டகாலம் குடித்து நிறுத்திய 8 பேரின் மூளையைச் சி.ரி. ஸ்கானில் இரண்டு தரம் பார்த்தார்கள். குடிக்காமல் இருந்த 4 பேரில் சுருங்கிய மூளை ஓரளவு மீண்டிருந்தது. அதுவரை சுருங்கியது சுருங்கியதுதான் என்றே நாங்கள் படிப்பித்து வந்தோம்.

வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு கணக்கு. "அவர் குடிகாரர் இல்லை, சனி ஞாயிறு மட்டும், பாட்டிக்கு மட்டும்" என்பீர்கள். லண்டன் அரச உத்தியோகத்தர் 550 பேரை 30 வருடம் பின்தொடர்ந்து, கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வு 2017 இல் வந்தது. ஒருவரும் குடிக்கு அடிமையானவர் அல்ல. கிழமைக்கு 14 முதல் 21 யூனிற் குடித்தவர்களில், ஞாபகத்துக்கு அடித்தளமான ஹிப்போகம்பஸ் வலப்பக்கத்தில் சுருங்கியிருக்கும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட 3 மடங்கு. சாதாரண 700 மில்லிலீற்றர் விஸ்கிப் போத்தலில் 28 யூனிற். அரைப் போத்தல் என்றால் 14. வெள்ளி இரவும் சனி இரவும் சேர்ந்து எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். பிரான்சில் 65 வயதுக்கு முன் அறிவுத்தேய்வு வந்த 57,000 பேரின் வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்து 2018 இல் எழுதினார்கள். அரைவாசிக்கு மேற்பட்டோரின் பதிவில் மதுப் பழக்கம் இருந்தது. மறதி வயதால் வருகிறது என்று சொல்லி நாங்கள் எத்தனை போத்தல்களை மறைக்கிறோம்!

மறைப்பது என்றதும் வோல்கோவின் வீட்டுக் கதை ஞாபகம் வருகிறது. அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது தாய்வழிப் பாட்டனார் இறந்தார். இருதய நோய் என்று சொன்னார்கள். அவர் குடிக்கு அடிமையாக இருந்ததையும், விட முடியாத வெட்கத்தில் தன் உயிரைத் தானே எடுத்ததையும், தாய் தன் இறுதி நாட்களில்தான் மகளுக்குச் சொன்னார். மகள் அப்போது இந்த நோயை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றிருந்தார். அவளிடம்கூட அதுவரை சொல்ல முடியவில்லை. 2015 இல் ரொறொன்ரோவில் நடந்த அமெரிக்க மனநல வைத்தியர் சங்க மாநாட்டில் வோல்கோவ் இதைத் தானே மேடையில் சொன்னார்.

சென்னையில் வேறொரு பெண் வேறு மாதிரி நடந்தார். சாந்தி ரங்கநாதன். பெரிய தொழிலதிபர் குடும்பத்து மருமகள். கணவர் 1979 இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, குடியால் இறந்தார். அந்தக் காலத்தில், அந்த வீட்டில், வேறு நோய் ஒன்றின் பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். அவர் அடுத்த வருடமே கணவரின் பெயரில் ஒரு சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். ரி.ரி.கே. வைத்தியசாலை என்றால் சென்னையில் தெரியும். 1992 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. குடிப்பவரின் மனைவிக்கும் ஒரு கதிரை போட்டு இருத்தி, உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் அவர்கள்.

அந்த 'நோமல்' அறிக்கைக்குத் திரும்புகிறேன். அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: அம்மா, இந்தப் படத்தில் தெரியாத இடத்தில்தான் உங்கள் மகனுக்குக் காயம். அவன் எடுத்த முதல் ஐஸ் அவன் செய்தது, அதற்கு அவன் பொறுப்பு. இப்போது அவன் படுகிற பாட்டில் பாதி அவன் கையில் இல்லை. மனநல வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவோம். நாட்களை எண்ணாதீர்கள், ஒன்றரை வருடம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இடையில் விழுவான். விழுந்தால் முதலில் இருந்து அல்ல, விழுந்த இடத்தில் இருந்து.

"ஒன்றரை வருஷமோ? சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. சங்கத்தில் ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்றேன். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முறை கிளினிக்குக்கு அவரோடு இன்னொரு அம்மா வந்திருந்தார். அவர்கள் இருவரும் ஒரே பச் என்று பிறகு தெரிந்தது.

பெடியன் ஐந்தாம் மாதம் ஒரு தடவை விழுந்தான். பிறகு எழும்பினான். போன மாதம், பதினோராவது மாதம், தாய் வந்தார். முதல் ஆட்களில் ஒருவராக, தன் நம்பருக்கே உள்ளே வந்தார். மகனைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்: சீனி, பருப்பு, தேங்காய். துண்டு எழுதிக் கொடுக்கவில்லை, வேண்டுமென்றே.

"தேங்காயை மறந்திட்டான் டொக்டர்," என்றார். "ஆனா மிச்சக் காசு சதம் பிசகாமல் கொண்டு வந்து தந்தவன்."